சயனைடு மேட்டைத் தோண்டும் முன் நம்மைக் கேட்பார்கள்: என்ன சொல்வது?

கோலார் தங்கவயலில் சயனைடு மேட்டைப் பற்றிப் பேச்செடுத்தால் அடுத்த கேள்வி உடனே வந்துவிடும்: வேலை கிடைக்குமா? கேள்வியில் நியாயம் இருக்கிறது. 2001 பிப்ரவரி 28 அன்று பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் கதவடைத்தது. அன்றிலிருந்து விடியற்காலையில் மாரிக்குப்பம் ரயிலைப் பிடித்துப் பெங்களூருக்கு ஓடி, இரவில் வீடு திரும்புவதுதான் இங்கே பலருக்குப் பிழைப்பு. சயனைடு கொண்டு தங்கம் பிரித்த பிறகு ஒதுக்கிய மண் மட்டும் 3 கோடி டன்னுக்கு மேல் ஊருக்குள்ளேயே கிடக்கிறது. ஏறக்குறைய 1,003 ஏக்கரில் உள்ள 13 மேடுகளை மறுபடி தோண்டும் மத்திய அரசின் யோசனைக்கு 2024 ஜூனில் கர்நாடக அமைச்சரவை சம்மதம் கொடுத்தது.

இதுபோன்ற சுரங்கத் திட்டங்களுக்கு 2006 செப்டம்பர் 14 தேதியிட்ட மத்திய அரசு அறிவிக்கை ஒரு படியை வைத்திருக்கிறது. அதுதான் பொதுமக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம். மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் அதை நடத்தும். மாவட்டத் துணை ஆணையரோ (டி.சி.), கூடுதல் மாவட்ட மாஜிஸ்திரேட் அந்தஸ்துக்குக் குறையாத அதிகாரியோ தலைமை வகிப்பார். குறைந்தது 30 நாள் முன்னதாக நாளிதழ்களில் அறிவிப்பு வரவேண்டும். கூட்டத்துக்கு ‘கோரம்’ கிடையாது. பத்தே பேர் வந்தாலும் நடந்ததாகவே கணக்கு. அன்றைக்கு லீவு போட்டுவிடுங்கள், ஒரு நாள் சம்பளம் போனால் போகட்டும்.

வேலைக்கான இன்டர்வியூவுக்குத் தயாராவதுபோல இதற்கும் தயாராக வேண்டும். சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு வரைவு அறிக்கை டி.சி. அலுவலகத்திலும் மாவட்டப் பஞ்சாயத்து அலுவலகத்திலும் பார்வைக்கு இருக்கும். நூற்றுக்கணக்கான பக்கங்களைக் கண்டு மிரள வேண்டாம். நேராகக் காற்றுத் தர அட்டவணைக்குப் போங்கள். கருவிகளை எந்தெந்த இடத்தில் வைத்தார்கள்? ஆண்டர்சன்பேட்டையிலும் சாம்பியன் ரீஃபிலும், மேட்டுக்கு மிக அருகில் உள்ள லைன் வீடுகளிலும் வைத்தார்களா? எந்த மாதங்களில் அளந்தார்கள்? வழக்கமாக மழைக்காலம் தவிர்த்த ஒரு பருவத்து அளவு போதும் என்று விட்டுவிடுகிறார்கள். ஆனால் காற்று எந்த மாதம் எந்தப் பக்கம் அடிக்கும், எந்த மாதம் சோற்றுத் தட்டில் மண் விழும் என்பது அங்கே வாழ்கிறவர்களுக்குத்தான் தெரியும். பி.எம்.10 எனப்படும் நுண்தூசிக்கு 24 மணி நேரச் சராசரியாகக் கன மீட்டருக்கு 100 மைக்ரோகிராம்தான் இந்தியாவில் வரம்பு. அட்டவணை எண்ணை அதனுடன் ஒப்பிட்டு, ‘தோண்டும்போது இது எவ்வளவு ஆகும்?’ என்று கேளுங்கள். சுரங்கத்தில் உழைத்தவர்களின் நுரையீரலைச் சிலிகா தூசி என்ன செய்தது என்பதை இந்த ஊருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

வேலை விஷயத்தையும் இதே கறாரோடு கேட்க வேண்டும். ‘உள்ளூர்க்காரர்களுக்கு முன்னுரிமை’ என்று மைக்கில் சொல்வது யாரையும் கட்டுப்படுத்தாது. முதல் வருஷம் எத்தனை பேர், நிரந்தரமா காண்ட்ராக்டா, ஐ.டி.ஐ. போதுமா, பயிற்சிச் செலவு யாருடையது, காண்ட்ராக்ட் ஆட்களுக்கும் மார்பு எக்ஸ்ரே எடுப்பார்களா என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். மக்கள் எழுப்பும் பிரச்சினைகளுக்கு நிறுவனம் ஒப்புக்கொள்ளும் பணிகளைச் சுற்றுச்சூழல் மேலாண்மைத் திட்டத்திலேயே சேர்க்க வேண்டும் என்று 2020 செப்டம்பர் 30 அன்று சுற்றுச்சூழல் அமைச்சகம் உத்தரவிட்டிருக்கிறது. ஆகவே ஒவ்வொரு வாக்குறுதிக்கும் தொகையும் கெடுவும் கேட்டு வாங்குங்கள்.

இன்னொரு சிக்கல் மொழி. அறிக்கைச் சுருக்கம் ஆங்கிலத்திலும் கன்னடத்திலும்தான் கிடைக்கும். தமிழில் பேசிப் பழகியவர்கள் தங்கள் கருத்தைக் கன்னடத்திலோ ஆங்கிலத்திலோ எழுதி, இரண்டு நகல் எடுத்துப்போய், ஒன்றில் முத்திரை வாங்கிக்கொள்வது நல்லது. கூட்டம் முழுவதையும் வீடியோ எடுத்தாக வேண்டும். முடிவில் நடவடிக்கைக் குறிப்பை வட்டார மொழியில் எல்லோருக்கும் வாசித்துக் காட்ட வேண்டும். அதில் அதே நாளில் தலைமை அதிகாரி கையெழுத்திட வேண்டும். பலர் பேசி முடித்ததும் கிளம்பிவிடுகிறார்கள். தயவுசெய்து அந்த வாசிப்பு முடியும்வரை இருங்கள். நீங்கள் சொன்னது விட்டுப்போயிருந்தால் அங்கேயே எழுந்து சொல்லுங்கள். டெல்லியிலோ பெங்களூரிலோ திட்டத்தைப் பரிசீலித்துப் பரிந்துரைக்கும் நிபுணர் குழு படிக்கப்போவது அந்தக் குறிப்பைத்தான்.

கூட்டமே நடக்காமல் போகும் வழியும் ஒன்று உண்டு, அதுதான் என்னைக் கவலைப்படுத்துகிறது. அணு, முக்கிய, உத்திசார் கனிமச் சுரங்கங்களுக்குக் கருத்துக் கேட்பு வேண்டாம் என்று 2025 செப்டம்பரில் சுற்றுச்சூழல் அமைச்சகம் விலக்கு கொடுத்தது. தங்கம் அந்தப் பட்டியலில் இல்லை, டங்ஸ்டன் இருக்கிறது. தங்கவயல் மேடுகளில் டங்ஸ்டனும் உண்டு. ஆகவே விண்ணப்பத்தில் எந்தக் கனிமத்தின் பெயர் எழுதப்படுகிறது என்பதை, சுற்றுச்சூழல் அனுமதி விண்ணப்பங்கள் பதிவாகும் ‘பரிவேஷ்’ தளத்தில் படித்த பிள்ளைகள் கவனித்து வர வேண்டும்.

பேசி என்ன ஆகப்போகிறது என்று அலுத்துக்கொள்கிறவர்கள் 2012 நவம்பரை நினைத்துப் பார்க்கலாம். கூடங்குளத்தின் பயன்படுத்திய அணு எரிபொருளைக் கோலார் சுரங்கத்தில் வைக்கும் பேச்சு உச்ச நீதிமன்றத்தில் எழுந்ததும் ஊர் தெருவுக்கு வந்தது. அந்த யோசனை கைவிடப்பட்டது.

படித்துவிட்டு வேலை தேடும் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. இந்த அறிக்கைகளை எழுதுவதே ஒரு தொழில். இந்தியத் தரக் கவுன்சிலின் ‘நாபெட்’ அங்கீகாரம் பெற்ற ஆலோசனை நிறுவனங்கள்தான் அதைச் செய்ய முடியும். காற்று, நீர் மாதிரி எடுக்கவும் ஆய்வகத்துக்கும் அவர்களுக்கு ஆள் தேவை. வேதியியலோ புவியியலோ படித்தவர்கள் இதை யோசிக்கலாம். ஊர் மண்ணை அறிந்தவர் கையில் அந்தக் கருவி இருப்பது ஊருக்கும் நல்லது.

திட்டத்துக்குச் சுற்றுச்சூழல் அனுமதி வந்த பிறகும் கதவு மூடிவிடுவதில்லை. 30 நாளுக்குள் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தில் மேல்முறையீடு செய்யலாம். தக்க காரணம் இருந்தால் மேலும் 60 நாள் வரை அவகாசம் தருவார்கள். கர்நாடகத்துக்கான அமர்வு சென்னையில் இருக்கிறது. நிபந்தனைகளைக் கடைப்பிடித்த கணக்கை நிறுவனம் ஆண்டுதோறும் ஜூன் 1, டிசம்பர் 1 தேதிகளில் தாக்கல் செய்ய வேண்டும். அந்த இரண்டு தேதியையும் வீட்டுக் காலண்டரில் குறித்து வையுங்கள்.