நகரத் தரவுப் பணிக்கு எந்தப் பாதை?

பொறியியல் இறுதியாண்டு மாணவர்களிடம் அடுத்து என்ன என்று கேட்டால் பெரும்பாலோர் ஏஐ என்கிறார்கள். ஏன் என்றால், நண்பன் சேர்ந்துவிட்டான், அல்லது அப்பாவின் அலுவலகத்தில் யாரோ சொன்னார்கள். மாநகராட்சித் தரவுகளோடு வேலை செய்ய ஆசைப்படுகிறவர்களும் இப்படியே தேர்ந்தெடுப்பதால் இதை எழுதுகிறேன்.

2015 ஜூனில் தொடங்கிய ஸ்மார்ட் சிட்டி திட்டம் 2025 மார்ச்சில் முடிந்தது. 100 நகரங்களில், நகரத் தரவுகளைக் கண்காணிக்கும் கட்டுப்பாட்டு மையங்கள் வந்தன. அவற்றில் 11 தமிழ்நாட்டில். திட்டம் முடிந்த பிறகும் அவை ஓட வேண்டும். ஆள் தேவை அங்கேதான்.

ஆப் எழுதுவது, ஜிஐஎஸ் (புவியியல் தகவல் அமைப்பு), டேட்டாபேஸ், சென்சார் பராமரிப்பு என்று பாதைகள் உங்களுக்குத் தெரிந்தவையே. வரைபடத்தில் மனம் போகிறவர்களுக்கு ஜிஐஎஸ், வெயிலில் கம்பத்தடியில் நிற்கத் தயங்காதவர்களுக்கு சென்சார்.

ஆனால் கடன் வாங்கி ஆறு மாத ஏஐ கோர்ஸில் சேராதீர்கள். ஏஐ மாடலுக்குப் பல ஆண்டுகளின் சுத்தமான பதிவுகள் வேண்டும். அவை எளிதில் கிடைப்பதில்லை. சென்னையையே பாருங்கள். 2011இல் சென்னை மாநகராட்சி 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 ஆக விரிந்தது. 155 வார்டுகள் 200 ஆயின. இன்றைய 1ஆவது வார்டு திருவொற்றியூர் மண்டலத்தில் இருக்கிறது. 2011க்கு முன் அந்தப் பகுதி மாநகராட்சியிலேயே இல்லை. பழைய எண் எது, புதிய எண் எது என்று ஒருவர் உட்கார்ந்து எழுதி வைக்காவிட்டால், மாடல் இரண்டு இடங்களை ஒன்றென்று எடுத்துக்கொண்டு தவறான விடை சொல்லும். பார்ப்பவர் நம்பும்படியும் சொல்லும். நான் பார்த்த ஒரு நகரத்தில் ஒப்பந்தக்காரர் போன பின், மழைமானி எண்கள் மணிக்கணக்கா நாள்கணக்கா என்று சொல்ல ஆளில்லை. அத்தனை பதிவும் வீண். அதை எந்த ஏஐயும் மீட்டுத் தராது.

என்னைக் கேட்டால் டேட்டாபேஸ்தான். போஸ்ட்கிரெஸ் என்ற டேட்டாபேஸ் மென்பொருள், அதன்மேல் வரைபடத் தரவுக்கான போஸ்ட்ஜிஐஎஸ். இரண்டும் இலவசம், இருபது ஆண்டுகளுக்கு மேல் நிலைத்தவை. நிறுவனம் மாறினாலும் தரவை எடுத்துப் போகலாம். திறந்த தரநிலைகளையும் கூடவே படியுங்கள். மத்திய அரசும் பெங்களூரு இந்திய அறிவியல் கழகமும் உருவாக்கிய நகரத் தரவுப் பரிமாற்றத் தளமான ஐயுடிஎக்ஸ் நல்ல தொடக்கம்.

இந்த வேலைக்குக் கைதட்டல் கிடைக்காது. அட்டவணையில் ஒரு எண் உறுத்தினால் காரணம் தெரியும்வரை எழுந்திருக்காத குணம் வேண்டும். பெற்றோரே, பிள்ளை எதில் பொறுமையாக உட்காருகிறான், உட்காருகிறாள் என்று கவனியுங்கள். மாணவர்களே, கட்டணம் கட்டும் முன் அரசின் திறந்த தரவுத் தளத்திலிருந்து ஒரு கோப்பை இறக்கி, விடுமுறை முழுவதும் பிழை திருத்திப் பாருங்கள். அலுக்கவில்லை என்றால் வாருங்கள். நம் மாநகராட்சிகளுக்கு நீங்கள் வேண்டும்.