கடற்குதிரை

புதுச்சேரி நகரின் சாரம் பகுதியிலிருந்து கிழக்கு நோக்கிச் சிறிது தொலைவு சென்றால் வங்கக் கடலைக் காணலாம். அங்கே அலைகள் ஓயாது எழுந்து கரையை மோதுகின்றன. அக்கரையைப் பின்பற்றித் தெற்கே கடலூர், காரைக்கால், நாகப்பட்டினம் ஆகிய ஊர்களைக் கடந்து சென்றால் கோடிக்கரை வரும். அவ்விடத்தில் கடற்கரை மேற்கு நோக்கித் திரும்புகிறது. அங்குத் தொடங்கி இராமேசுவரம் வரை பரந்து கிடப்பது பாக்கு விரிகுடா ஆகும். ஆழம் பெரும்பாலும் 15 மீட்டருக்கும் குறைவு. பேரலைகள் இல்லை. கடலின் அடித்தரையில் கடற்புல் செழித்து, வயல்வெளி போலக் காட்சி தருகிறது. இப்புல்வெளியே கடற்குதிரை என்னும் விந்தை உயிரின் உறைவிடம்.

கடற்குதிரை குதிரையன்று, அது மீன் இனத்தைச் சேர்ந்தது. செவுள்களால் மூச்சு விடுகிறது. எனினும் பிற மீன்களைப் போல அதற்குச் செதில்கள் இல்லை. எலும்பு வளையங்கள் கவசமாக அமைந்து உடலைக் காக்கின்றன. தலை குதிரையின் தலையை ஒத்தது. வாய் குழல் போல நீண்டது. வால் குரங்கின் வாலைப் போலச் சுருண்டு பற்றவல்லது. இது நிமிர்ந்த நிலையில் நீந்தும். முதுகுத் துடுப்பு வினாடிக்கு 30 முறைக்கு மேலும் அசையக்கூடியது. ஆயினும் இது விரைந்து செல்ல இயலாது. ஆதலின், நீரோட்டம் தன்னை அடித்துச் செல்லாதவாறு புல்லின் தாளை வாலாற் சுற்றிக்கொண்டு அசைவற்று நிற்கும். சூழலுக்கு ஏற்பத் தன் நிறத்தையும் மாற்றிக்கொள்ளும்.

விரைவில்லாத இவ்வுயிர் இரை தேடுவது எங்ஙனம்? இதற்குப் பல் இல்லை, இரைப்பையும் இல்லை. உண்ட உணவு விரைவில் குடலைக் கடந்துவிடுவதால் அடிக்கடி உண்ண வேண்டும். நுண்ணிய இறால் வகைகளே இதன் உணவு. இரு கண்களும் தனித்தனியே திரும்பவல்லன. இரை அருகில் வந்ததும், கண் இமைக்கும் நேரத்திற்குள் தலையை உயர்த்தி அதனைக் குழல் வாயால் உறிஞ்சிவிடும். இதன் தலையின் வடிவம் நீரைக் கலக்காமல் இரையை நெருங்கத் துணைபுரிகிறது என்று 2013ஆம் ஆண்டில் ஆராய்ச்சியாளர் கண்டறிந்தனர்.

மற்றொரு விந்தையும் உண்டு. பெண் தன் முட்டைகளை ஆணின் வயிற்றுப் பையில் இடுகிறது. சில வாரங்கள் அவற்றைச் சுமந்து காத்துக் குஞ்சுகளை ஈனுவது தந்தையே! ஒரே முறையில் நூற்றுக்கணக்கான குஞ்சுகள் வெளிவருவதுண்டு. பிறந்த பின்னர் அவற்றைப் பேணுவார் இல்லை. மிகச் சிலவே வளர்ந்து பெரியவை ஆகின்றன.

இதனைக் கடலிற் காண விழைவோர் முதலிற் பழக வேண்டுவது பொறுமை. ஐப்பசி, கார்த்திகைத் திங்கள்களில் வாடைக்காற்றால் பாக்கு விரிகுடா கலங்கியிருக்கும். நீர் தெளிந்த காலத்தில், நீந்தத் தெரிந்தவர்கள், கடலை நன்கறிந்த மீனவர் துணையுடன் செல்லலாம். குதிரை முகத்தைத் தேடினால் கண் ஏமாறும். புல்லின் தாளைச் சுற்றிய வாலைத் தேடுதல் வேண்டும். புல்லை மிதித்தலும், உயிரைத் தொடுதலும், ஒளி பாய்ச்சி அச்சுறுத்தலும் ஆகா. இராமேசுவரத்திற்குத் தெற்கேயுள்ள மன்னார் வளைகுடாவிலும் கடற்குதிரைகள் வாழ்கின்றன. அங்குள்ள 21 தீவுகளும் 1986ஆம் ஆண்டில் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டன. வனத்துறையின் இசைவின்றி அங்குச் செல்லலாகாது.

அசையாமல் மறைந்திருத்தலே கடற்குதிரையின் காவல். பகை மீனின் கண்ணுக்கு அது தப்பலாம். அடித்தரையை அரித்துச் செல்லும் இழுவலைக்குத் தப்புவது எங்ஙனம்? அவ்வலை கடற்குதிரையை வாரிக்கொள்வதோடு புல்லையும் பெயர்த்துவிடுகிறது. உலர்த்திய கடற்குதிரைகளைச் சீன மருத்துவத்திற்காக அயல்நாடுகளுக்கு விற்கும் வணிகமும் முன்பு நம் கரையில் நடைபெற்றது. 2001ஆம் ஆண்டில் இந்திய அரசு இவ்வுயிரை வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ்க் கொணர்ந்து, பிடிப்பதையும் விற்பதையும் தடை செய்தது. அதனால், மூழ்கிப் பிடித்து வாழ்ந்த மீனவர் சிலர் தம் வருவாயை இழந்தனர். வேண்டுமென்றே பிடிப்பதைச் சட்டம் தடுத்தது. பிற மீன்களுக்காக விரித்த வலையில் இது சிக்கி மடிவதை அச்சட்டம் ஒன்றே தடுத்துவிட இயலாது.

ஆகவே உயிரைக் காக்க அதன் இல்லத்தைக் காத்தல் வேண்டும். 2022ஆம் ஆண்டில் தமிழ்நாடு அரசு பாக்கு விரிகுடாவில் 448 சதுரக் கிலோமீட்டர்ப் பரப்பைக் கடற்பசுப் பாதுகாப்பகமாக அறிவித்தது. கடற்பசு மேயும் புல்வெளி காக்கப்படின், அதில் வாழும் கடற்குதிரையும் காக்கப்படும். மீன் குஞ்சுகளும் இறால்களும் அங்கே வளர்வதால் மீனவர் வாழ்வும் வளம் பெறும். மாணவர்களே! உலர்ந்த கடற்குதிரையை அழகுப் பொருளென எவரேனும் விற்கக் கண்டால் வாங்காதீர்கள். பிறரையும் வாங்க விடாதீர்கள். புல்லின் தாளைப் பற்றி நிற்கும் அச்சிற்றுயிர், பற்றிக்கொள்ள அப்புல் என்றும் இருக்குமாறு செய்வது நம் கடமையாகும்.