ஹேண்டில்பார் மாற்றப் போகிறீர்களா?

கருக்களாச்சேரி போன்ற கடலோர ஊர்களில் உப்புக்காற்று போல்ட்டை விட்டுவைக்காது. ஹேண்டில்பாரைக் கழற்றும்போதே துரு ஏறிய கிளாம்ப் போல்ட்டுகளையும் மாற்றிவிடுங்கள்.

அகலமான பார் போட்டதும் இரண்டு பக்கமும் முழுதாகத் திருப்பிப் பாருங்கள். கிளட்ச் கேபிளும் பிரேக் ஹோஸும் இழுபடக் கூடாது; விரல் டேங்கில் நசுங்கக் கூடாது. எஞ்சின் ஓடும்போது பாரைத் திருப்புகையில் ஆக்ஸிலரேட்டர் தானாக ஏறினால் ஆபத்து, அப்படியே ஓட்டாதீர்கள். வண்டியின் மூல அமைப்பை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு கட்டுப்படுத்துகிறது. 2019 திருத்தத்துக்குப் பின் 5,000 ரூபாய் அபராதமும் உண்டு. ஆர்டிஓ அலுவலகத்தில் முதலில் கேட்டுக்கொள்வது நல்லது.

புதிய பாரோடு ஓட்டும்போது வளைவுக்கு முன்பே, வண்டி நேராக ஓடும்போதே வேகத்தைக் குறையுங்கள். பார்வை வளைவு முடியும் இடத்தில் இருக்கட்டும். வலப்புறம் சாய வேண்டுமானால் வலக் கைப்பிடியை மெதுவாக முன்னே தள்ளுங்கள். விசித்திரமாகத் தோன்றும், ஆனால் ஓடுகிற பைக் இப்படித்தான் சாயும். அகலமான பாரில் சிறு அழுத்தமே போதும். அதனால் ஆரம்ப நாட்களில் நிதானம் வேண்டும்.

காற்று கொண்டுவந்த மணலோ, சாலையில் காயப்போட்ட நெல்லோ எதிர்ப்பட்டால் வண்டியை நிமிர்த்தி மெல்லக் கடந்து செல்லுங்கள். அதன்மேல் முன் பிரேக்கைத் தொடவே வேண்டாம்.