இணைக்கும் கோப்புக்கும் எழுத்துக் குறிமுறை வேண்டும்

கணினிக்கு எழுத்துத் தெரியாது. எண் மாத்திரமே தெரியும். எந்த எண் எந்த எழுத்துக்குரியது என்ற உடன்பாடே எழுத்துக் குறிமுறை. 'உம்மா' என்ற சொல்லையே பாருங்கள். இலங்கையில் நாம் நெடுங்காலம் பாவித்த பாமினி எழுத்துருவில் 'உ', ஆங்கிலச் சிறிய 'சி'க்குரிய 99ஆம் இடத்தில் இருந்தது. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் சொல் முழுவதும் ஆங்கிலக் கிறுக்கலாகத் தெரியும். 1991இல் வெளிவந்த யுனிகோட், 'உ'வுக்கு 2953 என்ற தனி எண்ணைத் தந்தது. யூ.ரி.எப்.-8 குறிமுறை அதை 224, 174, 137 என மூன்று பைற்றுகளாகச் சேமிக்கிறது. பழைய ஐரோப்பியக் குறிமுறையில் வாசித்தால் அந்த ஓர் எழுத்தே மூன்று அந்நியக் குறிகளாகிவிடும்.

"வலைப்பக்கத்தின் தலைப்பகுதியில் யூ.ரி.எப்.-8 என்று அறிவித்தால் போதாதா?" என்று வகுப்பில் மாணவிகள் என்னிடம் கேட்பதுண்டு. பல வேளைகளில் போதும், எப்போதும் போதாது. பக்கத்தோடு இணையும் பாணித்தாளும் ஜாவாஸ்கிரிப்ட்டும் வெவ்வேறு கோப்புகள். மேலோடி முதலில் கோப்பின் தொடக்கத்தில் குறிமுறை அடையாளம் உண்டா எனப் பார்க்கும். அடுத்து, சேவையகம் அனுப்பும் தகவலைப் பார்க்கும். இவை இரண்டும் இல்லாதபோதுதான் இணைத்த பக்கத்தின் குறிமுறை கைகொடுக்கும். சேவையகம் பிழையான குறிமுறையைச் சொன்னால், பக்கத்தின் அறிவிப்பு அந்தக் கோப்பைக் காப்பாற்றாது.

ஒரு பாடசாலைப் பெறுபேற்றுப் பக்கத்தை நினைத்துப் பாருங்கள். தலைப்பு பக்கத்திலும், பெயர்ப்பட்டியல் தனி ஜாவாஸ்கிரிப்ட் கோப்பிலும் உள்ளன. தலைப்பு அழகாகத் தெரியும்; பெயர்கள் மட்டும் சிதையும். கத்தாரில் வேலை செய்யும் வாப்பா கைபேசியில் தேடுவது தலைப்பையல்ல, மகளின் பெயரை.

1997இல் வந்த எச்.ரி.எம்.எல். 4, இணைக்கும் இடத்திலேயே 'சார்செட்' என்று குறிமுறையைக் குறிப்பிட இடமளித்தது. இன்று அது வழக்கொழிந்துவிட்டது. ஆகவே மூன்றைச் செய்யுங்கள்: ஒவ்வொரு கோப்பையும் யூ.ரி.எப்.-8 ஆகவே சேமியுங்கள். சேவையகமும் அதையே சொல்லும்படி அமையுங்கள். பாணித்தாளில் தமிழ் இருந்தால் அதன் முதல் வரியிலேயே '@சார்செட்' அறிவிப்பை இடுங்கள்.

ஒன்றை மறக்க வேண்டாம். அறிவிப்பு கோப்பை மாற்றாது. பாமினியில் தட்டெழுதிய பழைய ஆண்டு மலர்களை முதலில் யுனிகோட்டுக்கு மாற்றிச் சரிபார்க்க வேண்டும். அதன் பின்னரே காத்தான்குடியிலோ ஏறாவூரிலோ ஒருவர் தன் உம்மா எழுதிய கட்டுரையைப் பெயரிட்டுத் தேடி எடுக்கலாம்.