மார்கரிட்டா நீர்த்துப் போகிறதா?

வீட்டில் கலக்கும் மார்கரிட்டா ஒன்று தண்ணீராகிவிடும், இல்லையென்றால் கசக்கும். பெரும்பாலும் காரணம் எலுமிச்சையும் ஐஸும்தான்.

1. ‘100% அகாவே’ என்று லேபிளில் உள்ள டெக்கீலாவையே வாங்குங்கள். மற்றவற்றில் வேறு சர்க்கரையிலிருந்து வடித்த மதுவும் சேர்ந்திருக்கும்.

2. எலுமிச்சையைக் கலக்கும் நேரத்தில் பிழியுங்கள். பாட்டில் சாற்றில் அந்த மணம் வராது. தோல் நசுங்கும்வரை முறுக்க வேண்டாம். தோலின் எண்ணெய் இறங்கினால் கசக்கும். மெக்ஸிகோவின் சிறு எலுமிச்சையும் நம் சந்தை எலுமிச்சையும் ஒரே இனம், வேறு தேடி அலையாதீர்கள்.

3. டெக்கீலா 50 மி.லி., ட்ரிபிள் செக் (ஆரஞ்சு மணமுள்ள இனிப்பு மது) 20, சாறு 15. இருமல் மருந்தோடு வரும் கோடு போட்ட மூடியால் அளந்தால் போதும். கண்ணளவில் ஊற்றினால் ஒவ்வொரு கிளாஸும் ஒவ்வொரு ருசி.

4. கிளாஸ் விளிம்பின் வெளிப்புறத்தில், பாதி வட்டத்துக்கு மட்டும் எலுமிச்சைத் துண்டால் ஈரமாக்கிக் கல்லுப்புப் பொடியில் உருட்டுங்கள். உள்ளே ஒட்டிய உப்பு பானத்தில் கரைந்து ருசியைக் கெடுக்கும்.

5. ஷேக்கர் இல்லையா? இறுக மூடும் எவர்சில்வர் பாட்டில் போதும். பெரிய ஐஸ் கட்டிகளைப் போடுங்கள். சின்னவை சீக்கிரம் உருகும். 15 விநாடி வேகமாகக் குலுக்கினால் பாட்டிலின் வெளிப்புறம் பனி பூத்துக் கை மரத்துப்போகும். அப்போது நிறுத்தி, குளிர்ந்த கிளாஸில் வடிகட்டுங்கள்.

புளிப்பு தூக்கலா? அரை டீஸ்பூன் சர்க்கரைப்பாகு சேருங்கள். குடித்தவர் வண்டிச் சாவியைத் தொடவே வேண்டாம்.