விக்டோரிய உருவ ஓவியங்களில் பண்டைக் கிரேக்கமும் இசையும்: இரு ஓவியங்களை முன்வைத்து

முன்னுரை

விக்டோரியா அரசியின் ஆட்சிக்காலத்தில் (1837–1901) ஆங்கில ஓவியர் பலர் பண்டைக் கிரேக்க, உரோமானிய வாழ்வை ஓவியப் பொருளாகக் கொண்டனர். அவ்வோவியங்களில் இசைப்போரும் கேட்போரும் மிகுதியாக இடம்பெறுகின்றனர். கிரேக்கச் சிற்பங்கள் இன்றும் காணக்கிடைக்கின்றன; சாப்போ முதலிய கவிஞர்தம் பாடல்களின் இசையோ அழிந்துபட்டது. கேட்கவியலாத அவ்விசையை ஓவியர் எங்ஙனம் காட்டினர் என்பதை, இலண்டன் இராயல் அகாதெமியில் காட்சிக்கு வைக்கப்பட்ட இரு ஓவியங்களின்வழி இக்கட்டுரை ஆராய்கிறது.

கேட்போர் முகத்தில் இசை

நெதர்லாந்தில் பிறந்து இலண்டனில் வாழ்ந்த அல்மா-தடேமாவின் 'சாப்போவும் அல்கையசும்' (1881) தொல்லியல் நுட்பம் வாய்ந்தது. அதில் வரும் பளிங்கு இருக்கைகள் ஏதென்சின் டயோனிசஸ் அரங்கத்து இருக்கைகளைத் தழுவியவை. அல்கையஸ் யாழ் வகையைச் சார்ந்த கிதாராவை மீட்டுகிறான். கருவியின் வடிவத்தை மீட்டெடுக்க இயன்ற ஓவியரால் அதன் ஒலியை மீட்டெடுக்க இயலவில்லை. எனவே, இமையாது உற்றுக்கேட்கும் சாப்போவின் முகமே இசைக்குச் சான்றாகிறது.

கோட்டின் ஒழுங்கில் இசை

ஆல்பர்ட் மூரின் 'நால்வர் இசை' இதற்கு மாறானது. கிரேக்க ஆடையணிந்த நால்வர் வரிசையாக அமர்ந்து வயலின் குடும்பக் கருவிகளை இசைக்கின்றனர். அக்கருவிகளோ 16ஆம் நூற்றாண்டு இத்தாலியில் உருப்பெற்றவை. இக்காலமுரணை அறியாமை எனல் பொருந்தாது. மூர் பிரித்தானிய அருங்காட்சியகத்தின் பார்த்தினன் சிற்பங்களில் ஆழ்ந்து தோய்ந்தவர். மேலும், இசைக்கலைக்கு ஓவியன் செலுத்தும் காணிக்கை என விரியும் இவ்வோவியத் தலைப்பு, 1868 என்னும் ஆண்டையும் வெளிப்படையாகத் தாங்கியுள்ளது. இங்குக் கேட்கும் பெண்டிர் நமக்கு முதுகுகாட்டி நிற்கின்றனர். முகத்தில் தேட வேண்டிய இசையை, ஆடை மடிப்புகளின் ஓட்டத்திலும் உருவங்களின் இடைவெளியிலும் நாம் காண நேர்கிறது. மூரின் நண்பர் விஸ்லர், தம் ஓவியமொன்றுக்கு 'வெண்மையில் சிம்பொனி, எண் 3' எனப் பெயரிட்டு 1867இல் காட்சிக்கு வைத்ததும் இவ்விடத்து ஒப்புநோக்கத்தக்கது. கலைகளின் இலக்காக இசையை முன்னிறுத்திய வால்டர் பேட்டரின் கட்டுரை 1877இல்தான் வெளிவந்தது. ஆகவே, அக்கோட்பாடு எழுத்தில் நிலைபெறுவதற்கு முன்பே தூரிகையில் முயலப்பட்டது எனலாம்.

முடிவுரை

அல்மா-தடேமா பழமையை ஒரு காலமாகக் கண்டார்; மூர் அதனை ஒரு வடிவ ஒழுங்காகக் கண்டார். முன்னவரிடம் இசை ஓவியத்தின் பொருளாக நிற்கிறது. பின்னவரிடம் அஃது ஓவியத்தின் இலக்கணமாகிறது. எனவே, வரலாற்றுப் பொருத்தம் ஒன்றையே அளவுகோலாகக்கொண்டு இவ்வகை ஓவியங்களை மதிப்பிடுதல் போதாது என்பது இவ்வாய்வின்வழிப் பெறப்படுகிறது.