குடும்பப் பெயரும் மரபணுச் சான்றும்

தம் முன்னோர் யாவர் என அறிய விழைதல் மக்களுக்கு இயல்பே. அவ்விழைவுக்கு ஏடுகள் ஓரளவே துணை செய்கின்றன. இங்கிலாந்து தேயத்தில் திருச்சபைப் பதிவேடுகள் எழுதுமாறு கட்டளை பிறந்தது 1538-ஆம் ஆண்டில். அதற்கு முன் வாழ்ந்த எளிய குடிகளின் பெயரை எழுத்திற் காண்டல் அரிது. ஏடு மௌனமாகும் இவ்விடத்தே டி.என்.ஏ. எனப்படும் மரபணுப் பொருள் ஒருவாறு பேசத் தொடங்குகிறது. அது பேசுமாறு எங்ஙனம், அதன் சொல்லை எத்துணை நம்பலாம் என்பவற்றை ஈண்டு சிறிது ஆராய்வோம்.

மனித உடலின் உயிரணுக்களில் 23 இணைக் குரோமோசோம்கள் உள. அவற்றுள் ஒய் என்னும் குரோமோசோம் ஆண்மக்களுக்கே உரியது. தந்தையிடமிருந்து மைந்தனுக்குப் பெரிதும் கலப்பின்றி இறங்குவது. ஆங்கிலேயருடைய குடும்பப் பெயரும் தந்தை வழியே இறங்குவதாகலின், பெயரும் குரோமோசோமும் ஒரே நெறியிற் செல்லும் இரு வழிப்போக்கரை ஒக்கும். ஒய் குரோமோசோமிற் சில இடங்களில் ஒரு சிறு தொடர் பன்முறை அடுத்தடுத்து வரும். ஒருவனிடம் அது 14 முறை வரின், மற்றொருவனிடம் 15 முறை வரலாம். தலைமுறைகள் பல கழியுங்கால் இவ்வெண் அரிதாக மாறும். பல இடங்களின் எண்களை ஒப்பிட்டு, இருவர் ஒரு தந்தைவழியினரோ அல்லரோ எனத் தேர்வர். இதற்குக் கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சினால் ஒற்றியெடுத்தலே போதும்.

ஆக்ஸ்போர்டுப் பல்கலைக்கழகத்து மரபணுவியல் அறிஞர் பிரயன் சைக்ஸ் என்பார், தம் குடும்பப் பெயரையே ஆராய்ச்சிப் பொருளாகக் கொண்டு, 2000-ஆம் ஆண்டில் முடிபை வெளியிட்டார். சைக்ஸ் என்னும் பெயர் சிற்றோடையைக் குறிக்கும் சொல்லினின்று பிறந்தது. ஓடைகள் பலவாதலின், பெயர் பூண்ட முதல்வரும் பலராவர் என்றே ஏடுகளைக் கொண்டு கருதப்பட்டது. ஆயின் சைக்ஸ் என்னும் பெயருடைய ஆடவர் பலரைச் சோதித்தபோது, ஏறக்குறையப் பாதிப்பேரிடம் ஒரே வகை ஒய் குரோமோசோம் காணப்பட்டது. ஒப்பீட்டுக்கெனச் சோதிக்கப்பட்ட பிறரிடம் அது காணப்படவில்லை. எனவே, சுமார் 700 ஆண்டுகட்கு முன் வாழ்ந்த ஒருவனே அக்குடிக்கு முதல்வன் எனத் துணிந்தார்.

எல்லாப் பெயர்க்கும் இது பொருந்துமோ எனின், பொருந்தாது. லெஸ்டர்ப் பல்கலைக்கழகத்தார் 40 குடும்பப் பெயர்களை ஆராய்ந்து 2009-இல் வெளியிட்ட முடிபு இதனைத் தெளிவுறுத்தும். ஸ்மித் என்பது கொல்லனைக் குறிக்கும் பெயர். ஊர்தோறும் கொல்லர் இருந்தனர். ஆதலின் ஸ்மித் பெயருடையார் தம்முள் உறவினராதல், வழியிற் கண்ட இருவர் உறவினராதலினும் மிகுதியன்று. அட்டன்பரோ போன்ற அரிய பெயருடையாருள்ளோ பெரும்பாலோர் ஒரு குடியினராகவே காணப்பட்டனர்.

இனி, சைக்ஸ் குடியின் மற்றைப் பாதியினர் யாவர்? மகப்பேறின்மையால் மகவேற்றோர், தாயின் பெயரைத் தாங்கியோர், மாற்றாந்தந்தையின் பெயரை ஏற்றோர், மறைவிற் பிறந்தோர் ஆகியோர் வழியினர் அவருள் இருக்கலாம். தலைமுறைக்கு நூற்றில் ஒருவரிடமே இவ்விடையீடு நேருவதாகக் கொள்ளினும், 23 தலைமுறைகளில் ஐந்தில் ஒரு பங்கினர்க்குப் பெயரும் குரோமோசோமும் பிரிந்துவிடும். அரசகுலமும் இதற்கு விலக்கன்று. 1485-இல் போரில் மாண்ட மூன்றாம் ரிச்சர்டு மன்னனின் எலும்புகள் 2012-இல் லெஸ்டர் நகரில் வண்டிகள் நிறுத்துமிடத்தின் கீழே கிடைத்தன. தாய்வழியே இறங்கும் மைட்டோகாண்டிரியாவின் மரபணு, அவன் தமக்கையின் பெண்வழியில் வந்தாருடையதோடு ஒத்தது. மூன்றாம் எட்வர்டின் ஆண்வழியினர் என ஏடுகள் கூறும் ஐவரின் ஒய் குரோமோசோமோ அம்மன்னனுடையதோடு ஒத்திலது. ஐவருள்ளும் ஒருவருடையது மற்றை நால்வருடையதினின்று வேறுபட்டது. இம்முடிபு 2014-இல் வெளியாயிற்று.

பத்துத் தலைமுறை மேலேறிச் செல்வோமாயின், அத்தலைமுறையில் மட்டும் முன்னோர் நிலைகள் 1,024 ஆம். ஒய் குரோமோசோம் காட்டுவது அவற்றுள் ஒன்றனையே. ஏனைய 1,023-ஐப் பற்றி அது வாய் திறவாது. ஆகவே அதனைக் கொண்டு குலப்பெருமை பேசுதல் பேதைமையாம். மேலும், தந்தையின் பெயரை முதலெழுத்தாக இடும் தமிழரிடையே அவ்வெழுத்துத் தலைமுறைதோறும் மாறுதலின், மேற்கூறிய முறை நமக்கு நேரே பயன்படுதலும் இல்லை.

மாணவ நண்பர்காள்! ஒருவரது மரபணு அவர்க்கு மட்டும் உரியதன்று. உடன்பிறந்தார் மறைபொருளும் அதனுள் உளது. சோதனைக்கு முற்படுவோர் உறவினரோடு கலந்து, வருவது யாதாயினும் தாங்கும் நெஞ்சுடையராய் முற்படுக. பெற்றவர் யார் என்பதைக் கருவி காட்டும். பசித்தபோது ஊட்டி, நோயுற்றபோது கண்விழித்துக் காத்தவர் யார் என்பதை அது காட்டாது. மகவேற்று வளர்த்த தந்தையின் பெயரைத் தாங்கியவன் அப்பெயர்க்கு முற்றும் உரியவனே என்பது எம் துணிபு.